செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25: பெயர் மாறி வந்த அமெரிக்கக் கார்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இங்கே கூடியுள்ள சங்க உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நம் உறுப்பினர்களிடம் உள்ள அமெரிக்கக் கார்களுக்கு அடையாளப் பதிவேடு ஒன்று தயாரிக்கும் பணியே இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. ஆகவே மற்றவற்றைச் சுருக்கி, இந்தப் பணியைச் சற்று விரித்துச் சொல்ல அவையின் அனுமதியை வேண்டுகிறேன்.

இப்பணியின் அவசியத்தை உணர்த்தியது வெளியூர்க் கண்காட்சி ஒன்றில் நேர்ந்த சம்பவம். நம் உறுப்பினர் ஒருவரின் டாட்ஜ் கிங்ஸ்வே காரைப் பார்த்த நடுவர்கள், பாடி பிளிமத்துடையது, கிரில்லும் (முகப்பு வலைச்சட்டம்) பேட்ஜும் மட்டுமே டாட்ஜுடையவை, எனவே இது பின்னால் யாரோ செய்த ஒட்டுவேலை என்று கூறி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். அவர்கள் கண்டது சரி, அதிலிருந்து செய்த முடிவுதான் தவறு. அந்தக் கார் ஆலையை விட்டு வந்ததே அப்படித்தான்.

கிரைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் தன் டாட்ஜ், டிசோட்டோ, கிரைஸ்லர் முகவர்கள் எல்லாருக்கும் விலை குறைந்த பிளிமத்தையும் சேர்த்து விற்கக் கொடுத்தது. வெளிநாடுகளிலோ, அதே மலிவுக் காரை அந்தந்த முகவரின் பெயருக்கேற்ப மாற்றி அனுப்பியது. பிளிமத் பாடியில் டாட்ஜின் முகப்பை வைத்தால் கிங்ஸ்வே, டிசோட்டோவின் முகப்பை வைத்தால் டிப்ளமாட். கதவும் கூரையும் சேஸியும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ், 1940களின் பிற்பகுதியிலிருந்து பம்பாய் குர்லாவில் இந்தக் கார்களின் பாகங்களைத் தருவித்துப் பூட்டி விற்றதால், நம் ஊர்ச் சாலைகளில் பிளிமத்தும் கிங்ஸ்வேயும் டிப்ளமாட்டும் மூன்று தனித்தனி வண்டிகளாகவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டன. லாரிகளிலும் இதே கதைதான். டாட்ஜ், பார்கோ, டிசோட்டோ ஆகிய மூன்றில் எது உழைக்கும் என்று ஒரு காலத்தில் லாரி உரிமையாளர்கள் செய்த வாதத்தை மூத்த உறுப்பினர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அடிப்படையில் ஒரே லாரிக்கு இட்ட மூன்று பெயர்களுக்காக அவ்வளவு சூடான வாதம் நடந்திருக்கிறது.

பதிவேட்டுக்காக வண்டிகளை நேரில் பார்த்தபோது, பேட்ஜைவிட இன்ஜினே அதிக வேலை வைத்தது. இன்ஜினின் அடிப்படை வார்ப்பான பிளாக்கின் முன்பகுதியில் இடப்புறம், டைனமோவுக்கு மேலே அடித்திருக்கும் எண்ணின் முன்னெழுத்துகளைப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும். 1946 முதல் 1948 வரையிலான அமெரிக்க வண்டிகளில் பி15 என்றால் பிளிமத், டி24 என்றால் டாட்ஜ், எஸ்11 என்றால் டிசோட்டோ. ஆனால் எண்ணை மட்டும் நம்பி உதிரிபாகம் வாங்கக்கூடாது. ஆறு சிலிண்டர் கொண்ட இந்த ஃபிளாட்ஹெட் (வால்வுகள் பிளாக்கிலேயே அமைந்த) இன்ஜினில் இரண்டு அளவு பிளாக்குகள் உண்டு. அமெரிக்க பிளிமத்துக்கும் டாட்ஜுக்கும் 23 அங்குல நீளத்திலும், கனடாவில் அதே கார்களுக்கு 25 அங்குல நீளத்திலும் பிளாக் வார்த்தார்கள். பிளிமத்தில் இரண்டின் கொள்ளளவும் ஏறத்தாழ 218 கன அங்குலமே. ஆனால் அமெரிக்க பிளாக்கின் சிலிண்டர் விட்டம் 3.25 அங்குலம், கனடா பிளாக்கின் விட்டம் 3.375 அங்குலம் என்று துல்லியமாகவே குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றின் ஹெட் கேஸ்கெட்டோ (பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலான அடைப்புத் தகடு) பிஸ்டனோ மற்றதில் உட்காராது. ஆகவே, கூட்டாக உதிரிபாகம் தருவிக்கும் முன் ஒவ்வொருவரும் சிலிண்டர் ஹெட்டை டேப் வைத்து அளந்து தரவேண்டும் என்று செயற்குழு கேட்டது. தவறான கேஸ்கெட்டை வாங்கிவிட்டுப் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் மாற்றுத் தேடி அலைந்த அனுபவம் பலருக்கும் இருப்பதால், இதற்கு எதிர்ப்பு எழவில்லை.

கனடா எதற்காக இடையில் வந்தது என்ற கேள்வி கூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்தது. பிரிட்டிஷ் பேரரசுக்குள் செய்த பொருளுக்குப் பேரரசின் மற்ற நாடுகளில் சுங்க வரிச் சலுகை இருந்தது. 1932 ஒட்டாவா ஒப்பந்தங்கள் அந்தச் சலுகையை விரிவாக்கின. டெட்ராய்ட்டுக்கு எதிர்க்கரையில் உள்ள கனடாவின் விண்ட்சரில் செய்தால் அதே கார் பேரரசுச் சரக்காகிவிடும். 1904இல் தொடங்கிய கனடா ஃபோர்டு நிறுவனத்தின் விற்பனை எல்லைக்குள்தான் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அடங்கியிருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் சேவர்லே கார்களைப் பூட்டத் தொடங்கியிருந்தது. உள்நாட்டில் உற்பத்தித் திட்டம் இல்லாதவர்கள் கார் பூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று 1953இல் இந்திய அரசு முடிவெடுத்த பிறகு, அந்த இரு நிறுவனங்களும் இங்கிருந்து விலகின.

மாதாந்திரக் கூட்டங்களில் பிற நாட்டு உதாரணங்களையும் எடுத்துப் பேசினோம். ஃபோர்டு மஸ்டாங்கை ஜெர்மனியில் அந்தப் பெயரில் விற்க முடியவில்லை. க்ரூப் நிறுவனம் தன் லாரிக்கு அந்தப் பெயரை முன்பே பதிந்து வைத்திருந்தது. எனவே 1970களின் இறுதிவரை அது அங்கே டி-5 என்ற பெயரில் ஓடியது. மஸ்டாங் என்ற எழுத்து போனது, பாயும் குதிரை மட்டும் கிரில்லிலேயே நின்றது. கனடாவில் பான்டியாக் பெயரில் வந்த லாரென்ஷியன், பாரிசியன் கார்கள் சேவர்லே சேஸியிலும் சேவர்லே இன்ஜினிலும் அமர்ந்தவை. 1959ஆம் ஆண்டு அகலமான பான்டியாக் பாடி குறுகலான சேவர்லே அச்சின்மேல் ஏறியதால், சக்கரங்கள் பாடிக்குள் ஒடுங்கித் தெரியும். என் கணிப்பில் இவற்றையெல்லாம் மிஞ்சியது ஆஸ்திரேலியா. 1953–54 பிளிமத்தின் பாடியையே வைத்துக்கொண்டு, பின்புறத்தில் வால்துடுப்புகளைச் சேர்த்து, 1957இல் கிரைஸ்லர் ராயல் என்று புதுக்காராக அங்கே விற்பனைக்கு விட்டார்கள். டி-5 வெறும் பெயர் மாற்றம். ராயலை உருவாக்கியதில் தொழிற்சாலையின் உண்மையான வேலை இருக்கிறது. இரண்டையும் ஒரே பிரிவில் போட்டியிட வைப்பது நியாயமாகாது என்பதே செயற்குழுவின் கருத்து.

இவ்வளவையும் சொல்வதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சேஸியிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. அமெரிக்கப் புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து, கிங்ஸ்வேயின் டாட்ஜ் கிரில்லைக் கழற்றிவிட்டுப் பிளிமத் கிரில்லைப் பொருத்தி "சரிசெய்யும்" போக்கு சில பட்டறைகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால், ஆர்.சி. புத்தகத்தில் டாட்ஜ் என்று இருக்கும் வண்டி கண்ணுக்குப் பிளிமத்தாக நிற்கும். அதை மூல வடிவம் என்று நிரூபிக்க உரிமையாளர்தான் அலைய வேண்டும். பேட்டரியின் நேர்முனையைப் பாடியோடு இணைத்த (நேர்மின் எர்த்) ஆறு வோல்ட் வயரிங்கைப் பன்னிரண்டுக்கு மாற்றுவது குறித்து இளைய உறுப்பினர்களுக்கும் மூத்தோருக்கும் கருத்து வேறுபாடு தொடர்கிறது. ஆறு வோல்ட்டின் மங்கலான விளக்கோடு இரவில் ஓட்டுபவர்களின் சிரமத்தை நான் அறிவேன். எனினும் பழைய டைனமோவையும் வயரிங்கையும் எடைக்குப் போடாமல் பாதுகாத்து வைக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உறுப்பினர் சேர்க்கை சீராக உள்ளது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். நூலகத்துக்குப் பழைய பணிமனைக் கையேடுகளை அன்பளித்தவர்களுக்கும், வார இறுதிகளில் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து எண்களைப் பதிந்த இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டில், நம் கண்காட்சியில் ஏற்றுமதிக்கென்றே மாற்றியமைத்த கார்களுக்குத் தனிப்பிரிவு வைப்பதற்கும், பதிவேட்டின் பிரதி ஒன்றை நடுவர் குழுவுக்கு முன்கூட்டியே தருவதற்கும் இரு தீர்மானங்களைச் செயற்குழு முன்மொழிகிறது. அவற்றை விவாதித்து முடிவெடுக்குமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்