வாசல்ல தொங்குற எண்ணெய் பாட்டில்: சபை பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரங்கூன்ல இருக்குற நம்ம தமிழ்ச் சபையோட பாஸ்டர் ஐயாவுக்கும் மூப்பர்மாருக்கும் கமிட்டி அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம்.

சண்டே ஸ்கூல்ல பத்துக் கட்டளை பாடம் எடுத்தேன், விக்கிரகம்னா என்னன்னு கேட்டதும் பிள்ளைங்க எல்லாம் பக்கத்து வீட்டுத் தேங்காயைத்தான் சொல்லுச்சுங்க. பர்மாக்காரங்க வீட்ல மகாகிரி நாட்-ங்கிற காவல் ஆவிக்குன்னு சிவப்புத் துணி சுத்தி தொங்க விடுவாங்களே, அந்தத் தேங்காய். அப்ப ஒரு சின்னப் பொண்ணு எந்திரிச்சு, "அக்கா, எங்க அம்மா ஜெப எண்ணெய் பாட்டிலை வாசல் மேல கட்டி வெச்சிருக்காங்க, அதுவும் அப்படித்தானா?"ன்னு கேட்டா. எனக்கு வாய் வரல.

ஸ்பெஷல் மீட்டிங்ல காணிக்கை வாங்கிட்டு நாம குடுத்த பாட்டில்தான் அது. யாக்கோபு 5:14ல எண்ணெய் பூசச் சொல்லியிருக்கு, நான் இல்லைங்கல, ஆனா அங்க வியாதிக்காரன் சபையோட மூப்பர்களை வரவழைக்கணும்னு இருக்கு, அவங்க வந்து பக்கத்துல நின்னு ஜெபம் பண்ணணும். இப்ப பாட்டில் வீட்டுக்குப் போகுது, மூப்பர் போறதில்ல.

மோசே செஞ்ச வெண்கல சர்ப்பத்தை யோசிச்சுப் பாருங்க. அது கெட்ட பொருளா? தேவனே செய்யச் சொன்னது, அதைப் பார்த்தவன் பிழைச்சான். பல நூறு வருஷம் கழிச்சு ஜனங்க அதுக்கே தூபம் காட்ட ஆரம்பிச்சதும் எசேக்கியா ராஜா உடைச்சுப் போட்டுட்டு நிகுஸ்தான்னு பேர் வெச்சான், வெறும் வெண்கலம்தான் இதுன்னு. அவன் உடைச்சது அந்நிய ஜாதியோட சிலையை மட்டும் இல்ல, சொந்த வீட்டு சாமானையும்தான். நமக்கு அதுதான் கஷ்டமா இருக்கு.

இன்னொன்னு, சாட்சி நேரம். மலேசியா விசா கிடைச்சுது, சிங்கப்பூர்ல வேலை கிடைச்சுது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு கை தட்டுறோம். 2024 பிப்ரவரியில கட்டாய ராணுவ சேவை சட்டத்தை அமல்படுத்தினதுலேர்ந்து 18 முதல் 35 வயசு வரைக்கும் ஆம்பளப் பசங்க இருக்குற வீட்ல யாரும் நிம்மதியா தூங்கல, போறவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன், என் தம்பியும் போனவன்தான். ஆனா விசா கிடைக்காதவங்க பின் பெஞ்சுல தலை குனிஞ்சு உக்காந்திருக்காங்க, தேவன் தங்களைக் கைவிட்டாருன்னு நினைச்சுக்கிட்டு. பாஸ்போர்ட்ல முத்திரை விழுந்தாத்தான் ஆசீர்வாதம்னா நாம கும்பிடுறது யாரை?

அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா 1813ல இதே ரங்கூன்ல வந்து இறங்கினார், முதல் பர்மாக்காரருக்கு ஞானஸ்நானம் குடுத்தது 1819ல. நடுவுல கைக்குழந்தையைப் புதைச்சார், அப்புறம் ஆவாவுல ஜெயில்ல கிடந்தார், 1826ல மனைவி ஆனும் போயிட்டாங்க. அந்த மனுஷன் மொழிபெயர்த்த பைபிளைத்தான் பர்மா சபைங்க இன்னைக்கும் வாசிக்குது. முதல் 6 வருஷத்துல அவர் நம்ம சபைக்கு வந்திருந்தா சாட்சி சொல்ல மைக் குடுத்திருப்போமா?

பேனர்ல நம்ம பாஸ்டர் ஐயாவோட படத்தை சிலுவையை விடப் பெருசா போடுறதையும் நிறுத்தச் சொல்லுங்க, ஐயாவே கேட்டது இல்லன்னு எனக்குத் தெரியும்.

நான் கேக்குறது இவ்வளவுதான். அந்த பாட்டிலுக்குக் காணிக்கை வாங்குறதை இந்த மாசத்தோட விட்ருங்க. விசா மறுக்கப்பட்டவங்களையும் கூப்பிட்டு சாட்சி சொல்ல வைங்க, அழுதுக்கிட்டே சொன்னாலும் பரவாயில்ல.

அந்தப் பொண்ணோட அண்ணனுக்கு 19 வயசு. ராத்திரி யாராவது கதவைத் தட்டிருவாங்களோன்னு பயந்துதான் அந்தம்மா பாட்டிலை வாசல்ல கட்டியிருக்காங்க, அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. நான் போய் அதைக் கழட்டுங்கன்னு சொல்ல முடியாது, வெறுங்கையோட எப்படிச் சொல்ல? வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போறேன். மூப்பர்மார்ல ரெண்டு பேராவது கூட வாங்க.