கெட்டிமேளத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள்

தமிழ்ச் சேனல்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் நெடுந்தொடர் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் எதற்குக் கொட்டுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தும்மல், அழுகை, அபசகுனப் பேச்சு எதுவும் அந்த நொடியில் யார் காதிலும் விழக் கூடாது. முடிச்சு விழுந்ததும் மேளம் அடங்கிவிடும். உங்கள் சீரியல்களின் பின்னணி இசையோ அரை மணி நேரமும் அடங்குவதில்லை. எது எங்கள் காதில் விழக் கூடாது என்று இப்படிக் கொட்டுகிறீர்கள்?

எப்போதுமே இப்படி இருக்கவில்லை. தூர்தர்ஷனில் கே. பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ வந்தபோது இசை வி. எஸ். நரசிம்மன். இளையராஜாவின் குழுவில் வயலின் வாசித்தவர், பிறகு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்ற நால்வர் இசைக்குழுவை உருவாக்கியவர். ‘இந்த வீணைக்குத் தெரியாது’ பாட்டை இன்றைக்கும் முணுமுணுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது வாரத்துக்கு ஒரு எபிசோடு. காட்சியைப் போட்டுப் பார்த்து, எங்கே வாசிக்கலாம், எங்கே சும்மா விடலாம் என்று யோசிக்க அவகாசம் இருந்தது. அதற்காகப் பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. சாவு வீடு என்றால் ஷெனாய், நல்லவள் அழுதால் ஒற்றை வயலின் என்று அந்தக் காலத்திலும் தேய்ந்த வழக்கங்கள் உண்டு. ஆனால் ஷெனாய் கேட்டால் யாரோ செத்திருப்பார்கள். அந்த நேர்மையாவது இருந்தது.

1999இல் ‘சித்தி’ வந்தது. தினாவின் இசையில் ‘கண்ணின் மணி’ கேட்டதும் தெருவே வீட்டுக்குள் போனது. அதைத் தொடர்ந்து தினசரித் தொடர்களே எங்கள் மாலைப் பொழுதை எடுத்துக்கொண்டன. நாளைக்குப் போக வேண்டிய எபிசோடுக்கு இன்றைக்கு ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, செய்கிறவர், ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கும் துண்டுகளைத்தான் எடுத்து ஒட்டுவார். வில்லிக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, கோயில் என்றால் ஒரு சம்ஸ்கிருதக் கோரஸ். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர் கையில் வந்து சேர்வதே அப்படிப்பட்ட காட்சி.

ஒரு காட்சியைப் பாருங்கள். மருமகள் காபி டம்ளரோடு ஹாலுக்கு வருகிறாள். மாமியார் நிமிர்ந்து பார்க்கிறார். ‘தடால்’. அதே முகம் மூன்று கோணத்தில் மூன்று முறை, மூன்று ‘தடால்’. பிறகு மாமனார், கொழுந்தன், ஓரகத்தி, சமையல்காரம்மா என்று தலைக்கொரு குளோசப், ஆளுக்கொரு ‘உஷ்ஷ்’. இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. காபிக்குச் சர்க்கரை போட்டாளா இல்லையா என்பதற்குக் கொலை நடந்த வீட்டு இசை! சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், அந்த இரண்டு நிமிஷத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்பது தெரிந்துவிடும். எங்கள் காதில் விழக் கூடாதது அதுதான் போலிருக்கிறது.

இன்னொன்று, இது ரசனை சம்பந்தப்பட்டதல்ல. உங்கள் தொடர்களை விடாமல் பார்க்கிறவர்களில் வயதானவர்கள் ஏராளம். வயதாகும்போது காதில் முதலில் குறைவது உச்ச ஸ்தாயி ஒலிகள். மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பின்னால் டிரம்மும் கோரஸும் சேர்ந்தால் குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. “என்னடி சொன்னா அவ?” என்று பாட்டிமார் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்பது இதனால்தான். வால்யூமைக் கூட்டினால் வசனத்தோடு சேர்ந்து ‘தடாலும்’ கூடுகிறது. கீழே தமிழில் எழுத்தும் ஓடுவதில்லை.

இதைச் சரிசெய்ய முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். 2011இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் பிரையன் காக்ஸ் பி.பி.சி.யில் வழங்கிய அறிவியல் தொடரில் பின்னணி இசை பேச்சை அமுக்குகிறது என்று நேயர்கள் புகார் செய்தார்கள். காக்ஸுக்கு அதில் உடன்பாடில்லை, ஆனாலும் பி.பி.சி. மறுபடி மிக்ஸ் செய்து இசையின் அளவைக் குறைத்தது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவர் பேசும்போது இசையை இறக்குங்கள். குளோசப்புக்கு ஒரு ‘தடால்’ போதும். மிக்ஸிங்கில் வசனமும் ஆர்.ஆரும் தனித்தனி டிராக்காகத்தானே இருக்கின்றன? உங்கள் ஆப்பில் இசை குறைந்த இரண்டாவது ஆடியோ ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், வேண்டியவர்கள் அதைப் போட்டுக்கொள்ளட்டும். டிவியிலேயே செய்து பார்க்கத் துணிச்சல் இருந்தால், ஒரே ஒரு தொடரை ஒரு வாரம் இப்படி ஒளிபரப்புங்கள். நேயர்கள் ஓடிவிட்டார்களா என்பது வியாழக்கிழமை ரேட்டிங்கில் தெரிந்துவிடப்போகிறது.

இப்படிக்கு,
ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கும் ஒரு நேயர்