பெலொப்ஸ் வீட்டுப் பெண்வழி

அன்புள்ள நண்பா,

கடிதமும், கிரேக்கப் புராணத்தின் பெலொப்ஸ் குடும்பத்துக்கு நீ வரைந்த வம்சாவளிப் படமும் வந்து சேர்ந்தன. கையெழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது. சிக்கல் படத்தில். தாந்தலஸ், அவன் மகன் பெலொப்ஸ், அவன் மகன் அத்ரேயஸ், அவன் மகன், டிராய்ப் போரில் கிரேக்கப் படையை நடத்திய அகமெம்னான் என்று நேராக ஒரு கோடு இழுத்து முடித்துவிட்டாய். பெண்மக்கள் ஒருத்தியும் இல்லை. இந்த வீட்டில் பெண்களை விட்டால் கதை நகராது.

பெலொப்ஸ் ஆசியாவிலிருந்து வந்தவன். அவன் மகன் அத்ரேயஸுக்குக் கிரீஸின் மைசீனி நகரம் எப்படிக் கிடைத்தது? படையெடுத்துப் பிடிக்கவில்லை. அங்கே ஆண்டது பெர்சியஸின் குடும்பம். பெலொப்ஸின் மகள் நிக்கிப்பே, பெர்சியஸின் மகன் ஸ்தெனெலஸுக்கு வாழ்க்கைப்பட்டாள். பிறந்தவன் யூரிஸ்தியஸ், மாவீரன் ஹெராக்ளிஸைப் படாதபாடு படுத்தினானே, அவனேதான். ஆக, அத்ரேயஸ் அவனுக்குத் தாய்மாமன். பெலொப்ஸின் இன்னொரு மகன் கிரிசிப்பஸ் கொலையான விவகாரத்தில் அப்பன் வீட்டை விட்டு ஓடிய அத்ரேயஸ், மருமகன் யூரிஸ்தியஸிடம் அடைக்கலம் புகுந்தான். ஏதென்ஸ் இருக்கும் அட்டிகாமீது படையெடுத்துப் போனபோது யூரிஸ்தியஸ் ஊரை மாமன் கையில் ஒப்படைத்தான், திரும்பி வரவில்லை. ஹெராக்ளிஸின் பிள்ளைகளுக்கு அஞ்சிய ஊரார் மாமனையே அரசனாக்கிக்கொண்டார்கள். இது கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் சொல்லும் கணக்கு. சாபமும் இல்லை, தெய்வமும் இல்லை. எனக்கு இதுதான் பிடிக்கும்.

இன்னொரு மகள் லிசிதிகே. பழைய கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் சொல்கிறபடி அவள் மகள் அல்க்மெனே, அல்க்மெனேயின் மகன் ஹெராக்ளிஸ். லிசிதிகேயின் அண்ணனோ தம்பியோ பித்தியஸ். அவன் மகள் ஐத்ரா, ஐத்ராவின் மகன் தீசியஸ். இரண்டு பெரிய வீரர்களும் பெண்வழியில் பெலொப்ஸுக்குக் கொள்ளுப்பேரன்கள். உன் படத்தில் இருவருமே காணோம்!

அகமெம்னானுக்கு மேலே இருக்கும் கோட்டைப் புள்ளிக்கோடாக மாற்று. சில பழைய மரபுகளில் அத்ரேயஸுக்கும் அவனுக்கும் நடுவில் பிளெய்ஸ்தெனஸ் என்று ஒருவன் வருகிறான். ஹோமரையும் நாடகாசிரியர்களையும் ஒரே பெட்டியில் போட்டு மூடாதே. அத்ரேயஸ் தன் உடன்பிறந்த தியெஸ்தஸுக்கு அவன் பிள்ளைகளையே சமைத்துப் போட்ட விருந்தைப் பற்றி ஹோமரின் இலியட் வாயே திறப்பதில்லை. அதன் 2ஆம் காண்டத்தில் செங்கோல் கைமாறும் வரிசையைப் பார்: கொல்லர் தெய்வம் ஹெஃபைஸ்தஸ் செய்தது, தேவராஜன் ஜீயஸிடம் போய், தேவதூதன் ஹெர்மிஸ் வழியாகப் பெலொப்ஸுக்கு வந்தது. அவன் அத்ரேயஸுக்குக் கொடுத்தான். அத்ரேயஸ் சாகும்போது தியெஸ்தஸுக்கு விட்டுப்போனான், தியெஸ்தஸ் அகமெம்னானுக்கு. பங்காளிச் சண்டையின் வாடையே இல்லை.

பெலொப்ஸ் பெண்ணெடுக்க ஓடிய தேர்ப்பந்தயம் பற்றிக் கேட்டிருந்தாய். பீசா அரசன் ஓயினமாவுஸின் மகள் ஹிப்பொதாமியாவைப் பெண் கேட்டு வருகிறவன் பீசாவிலிருந்து கொரிந்து பூசந்திவரை தேரோட்ட வேண்டும். அவனை முன்னால் போகவிட்டு, ஒரு கிடாவைப் பலி கொடுத்து முடித்தபிறகுதான் அரசன் துரத்துவான், எட்டிப்பிடித்தால் ஈட்டிதான். அப்படிச் செத்தவர்கள் 13 பேர் என்கிறார் கிரேக்கக் கவிஞர் பிண்டர். அவர் பாட்டில் கடல் தெய்வம் பொசைடன் தந்த சிறகுள்ள குதிரைகளால் பெலொப்ஸ் ஜெயிக்கிறான், சூது எதுவும் கிடையாது. மற்ற கதையில் அரசனின் தேரோட்டி மிர்தில்லஸ் பெலொப்ஸுக்கு விலைபோகிறான். கடையாணியைச் செருகவே இல்லை என்பது ஒரு பாடம், மெழுகில் செய்து செருகினான் என்பது இன்னொன்று. மெழுகையே வைத்துக்கொள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது, கிளம்பும்போதே அரசன் கண்டுபிடித்துவிடுவான். மெழுகாணியோ சக்கரத்தைக் கொஞ்ச தூரம் தாங்கும். ஓட ஓட அச்சு சூடேறி இளகும்போது தேர் முழு வேகத்தில் இருக்கும். கூலி கேட்ட மிர்தில்லஸைப் பெலொப்ஸ் கடலில் தள்ளினான். மிர்தோவக் கடல் என்ற பேர் அதனால் வந்தது என்பார்கள்.

படத்தோடு மைசீனிப் புகைப்படங்களையும் ஒட்டியிருக்கிறாய். 'அகமெம்னான் முகமூடி'யைக் கிழித்துவிடு. அகழ்வாராய்ச்சியாளர் ஷ்லீமன் 1876இல் தோண்டி எடுத்த அந்தப் பொன்முகம் கி.மு. 16ஆம் நூற்றாண்டுச் சரக்கு, டிராய்ப் போருக்கு வழக்கமாகச் சொல்லும் காலத்துக்கு முந்தியது. அதற்குப் பதில் ஒலிம்பியாவில் உள்ள பெலொப்ஸின் திருவிடத்தைப் போடு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஊர்சுற்றி எழுதிய பவுசானியஸ் பார்த்தபோது ஆண்டுதோறும் அங்கே கறுப்புக் கிடா வெட்டினார்கள். எரிக்க வெள்ளைப் பாப்லர் விறகுதான். கழுத்துக்கறி விறகுக்காரனுக்கு. அந்த இறைச்சியைத் தின்றவன் ஜீயஸ் கோயிலுக்குள் போகக்கூடாது.

செங்கோலுக்கும் தனியாக ஒரு கோடு வேண்டும். அது பிறகு கைரோனேயா என்ற கிரேக்க ஊரில் இருந்ததாம். பக்கத்து நாடான போக்கிஸின் எல்லையில் தங்கத்தோடு கிடைத்தபோது, தங்கம் போக்கிஸ்காரர்களுக்குப் போக, கைரோனேயாக்காரர்கள் கோலே போதும் என்று வாங்கிக்கொண்டார்கள். கோயில் கட்டவில்லை, பூசாரி வருஷம் முழுக்க வீட்டில் வைத்துக் கும்பிடுவார், தினமும் பலி, பக்கத்தில் ஒரு மேசை நிறைய இறைச்சியும் பணியாரமும். போக்கிஸுக்கு அதைக் கொண்டுவந்தது யார் என்று பவுசானியஸ் நினைத்தார் தெரியுமா? அகமெம்னானின் மகள் எலெக்ட்ரா. அந்தக் கோட்டையும் பெண்வழியில் போடு.

திருத்திய படத்தை அனுப்பு. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்