எங்கள் பங்கைக் கட்டிவிட்டோம், இனி உங்கள் பங்கு

எங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் அலுவலகக் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. எங்கள் தொடக்கப் பள்ளியில் நமக்கு நாமே திட்டத்தில் இரண்டு கூடுதல் வகுப்பறைகள் கட்டுவதற்கான மதிப்பீடு, புதிய விலை விகிதப் பட்டியலின்படி 30 லட்சம் ரூபாயிலிருந்து 33 லட்சத்து 60 ஆயிரமாக உயர்ந்துவிட்டதாம். ஆகவே பொதுமக்கள் பங்கில் குறையும் 1,20,000 ரூபாயை 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டும், தவறினால் கருத்துரு கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் பிழை இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து நாங்களும் போட்டுப் பார்த்தோம். ஊரார் பங்கு மூன்றில் ஒன்று என்றால் அவ்வளவுதான் வருகிறது.

எங்களுக்குப் புரியாதது வேறு. 10 லட்சம் ரூபாய்க்கான வரைவோலையை நாங்கள் கொடுத்தது போன ஆண்டு ஆவணியில். விலை ஏறிவிட்டது என்று நீங்கள் சொல்வது இந்த ஆண்டு ஆவணியில். இடைப்பட்ட காலத்தில் பணம் அரசுக் கணக்கில் இருந்தது. கோப்பு தங்கள் அலுவலகத்துக்கும் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கும் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கும் இடையே போய்வந்து கொண்டிருந்தது. எங்கள் கையில் இருந்தது ஒப்புகைச் சீட்டு ஒன்றுதான். கோப்பு உறங்கிய காலத்தில் கம்பியும் சிமெண்டும் விலை ஏறியதற்கு, அந்தச் சீட்டை வைத்திருந்தவர்கள் எப்படி ஐயா பொறுப்பாவார்கள்?

எனவே முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நாங்கள் கட்டிய 10 லட்சத்தையே எங்கள் முழுப் பங்காக ஏற்று, இரண்டு வகுப்பறைகளுக்கும் நிர்வாக அனுமதி பெற்றுத் தாருங்கள்.

பின்னணியைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, கோப்பில் எல்லாம் இருக்கிறது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததும், மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. எங்கள் ஓட்டுக் கட்டடமும் அந்தப் பட்டியலில் இருந்தது. இடித்தது சரிதான். பிள்ளைகள் தலையில் ஓடு விழுந்த பிறகு வருந்துவதைவிட அது எவ்வளவோ மேல். இடிக்கும் வேலை மின்னல் வேகத்தில் முடிந்தது என்பதையும் மறுக்க மாட்டேன். காலையில் வந்த இயந்திரம் மாலையில் திரும்பிப் போய்விட்டது. அந்த வேகத்தை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

இப்போது பள்ளியில் 98 பிள்ளைகள், 4 ஆசிரியர்கள், 2 அறைகள். ஓர் ஆசிரியருக்குக் குறைந்தது ஒரு வகுப்பறை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அலுவலகத்துக்கும் பொருள் வைக்கவும் தலைமை ஆசிரியருக்குமாக இன்னோர் அறை வேண்டும் என்றும் அதே அட்டவணையில் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. அதன்படி கணக்கிட்டால் எங்களுக்கு மூன்று அறைகள் பாக்கி. நாங்கள் கேட்டது இரண்டுதான்.

ஓர் அறையில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள். மற்றொன்றில் பாதி மூன்றாம் வகுப்பு, மீதிப் பாதி தலைமை ஆசிரியர் மேசை, பீரோ, விலையில்லாப் பாடநூல் கட்டுகள், சத்துணவு அரிசி மூட்டைகள். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் இரண்டு தெரு தள்ளி, பூட்டிக் கிடக்கும் ஒரு நகரத்தார் வீட்டின் முகப்புத் திண்ணையில் நடக்கின்றன. வீட்டு ஆச்சி சென்னையில் மகனோடு இருக்கிறார். கேட்டவுடன், “நம்ம ஊர்ப் பிள்ளைகள்தானே, உட்காரட்டும்” என்று காவல்காரரிடம் சொல்லிவிட்டார். வாடகை வாங்குவதில்லை. அவர்மேல் எங்களுக்கு நன்றியைத் தவிர வேறில்லை. நல்ல திண்ணைதான்: பர்மாத் தேக்குத் தூண்கள், வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிப் பூக்கல். சித்திரை வெயிலிலும் தங்கள் அலுவலகத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அங்கே கழிப்பறை மட்டும் இல்லை. வீட்டுக் கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது, அதற்குப் போகும் வழி பூட்டிய வளவுக்குள், அதாவது வீட்டின் உட்பகுதிக்குள். பள்ளிக் கழிப்பறைக்கு இரண்டு தெரு நடக்க வேண்டும், நடுவில் மணல் லாரி போகும் சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். ஒன்பது, பத்து வயதுப் பெண் பிள்ளையை ஆசிரியை தனியாக அனுப்ப முடியாது. கூடப் போனால் வகுப்பைப் பார்க்க ஆள் இல்லை. ஆகவே இடைவேளையில் எல்லோரையும் வரிசையாக அழைத்துப் போய் வருகிறார்கள். இடைவேளை முடிவதற்குள் வரிசையில் பாதிப்பேருக்குத்தான் முறை வருகிறது.

பெண் பிள்ளைகள் இதற்குத் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தண்ணீர் குடிப்பதில்லை. என் மகள் ஐந்தாம் வகுப்பு. காலையில் நான் நிரப்பிக் கொடுக்கும் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறது. முதலில் மறந்துவிடுகிறாள் என்று அதட்டினேன். அவள் பதில் சொல்லவில்லை. பிறகு தெருவில் மற்றத் தாய்மார்களோடு பேசியபோதுதான், எல்லா வீட்டுப் பாட்டிலும் நிறைந்தே திரும்புகிறது என்று தெரிந்தது. சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று அழுத பிறகு காரைக்குடியில் டாக்டரிடம் காட்டினோம். சிறுநீர்த் தொற்று என்றார். நிறையத் தண்ணீர் குடிக்க வையுங்கள், அடக்கி வைக்க விடாதீர்கள் என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து கடையில் கிடைத்தது. மற்ற இரண்டுக்கும் தங்கள் கையெழுத்துத் தேவைப்படுகிறது.

பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பள்ளிகளில் அதற்கென்றே மணி அடிக்கச் சொல்லியிருக்கிறது கல்வித் துறை. நல்ல ஏற்பாடு. எங்கள் பள்ளியிலும் அடிக்கிறார்கள். இரண்டு தெரு தாண்டித் திண்ணைக்கும் அது கேட்கிறது. பாட்டிலைத் திறந்து, உதட்டை நனைத்துக்கொண்டு, மூடி வைத்துவிடுகிறார்களாம்.

திண்ணையும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. அந்த வீட்டுப் பங்காளிகள் முன்னோருக்குப் படைப்புப் போட வந்து கூடினால் இடம் விட வேண்டும், அது அவர்கள் வீடு. படப்பிடிப்புக்கு வீட்டைக் கேட்டு யாராவது வந்தால் அப்போதும் விட வேண்டும், அது அவர்கள் வருமானம். சென்ற பங்குனியில் அப்படி ஒரு படப்பிடிப்பு நடந்தபோது இரண்டு வகுப்புகளும் கோவில் மண்டபத்துக்குப் போயின. கதையில் ஏதோ பழைய காலத்துப் பள்ளிக்கூடக் காட்சியாம். திண்ணையில் கரும்பலகை வைத்து, வெளியூரிலிருந்து அழைத்து வந்த பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் சுவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பணம் எப்படிச் சேர்ந்தது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். 2021இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட நமக்கு நாமே திட்டத்தில் ஊரார் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தரும் என்று தங்கள் அலுவலகத்தில்தான் சொன்னார்கள். கோவில் திருப்பணிக்குச் செய்வதுபோலவே செய்தோம். நகரத்தார் புள்ளிக்கு, அதாவது மணமான தம்பதிக்கு, இவ்வளவு என்று எழுதிக்கொண்டார்கள். மற்றவர்கள் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று எழுதினோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பினார்கள். பனையோலைக் கொட்டான் பின்னும் பெண்களின் சுயஉதவிக் குழு கொடுத்தது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் கூலி வரட்டும் என்று தவணை கேட்டார்கள், கூலி வந்த அன்றே கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசு தாமதமாகத் தந்த கூலியில் அரசுக் கட்டடத்துக்கு நேரத்தோடு பங்கு கட்டியவர்கள் அவர்கள். அந்த வீடுகளுக்கு மறுபடி நோட்டை எடுத்துக்கொண்டு போய், அலுவலகத்தில் தாமதமாகிவிட்டது, அதற்கும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தங்களுக்கு வருமானால் தாங்களே ஒருநாள் வாருங்கள், நோட்டைத் தருகிறேன்.

கல்விக்குக் கொடுப்பது இந்தச் சீமைக்குப் புதிதில்லை. காரைக்குடியின் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரிக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் திறப்பு விழாவே நடந்துவிட்டது. நாட்டின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று பொட்டல் காட்டில் எழ ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை. நடுவில் சிமெண்டு விலை ஏறியிருக்காதா? வித்தியாசத்தைக் கட்டும், இல்லாவிட்டால் கருத்துரு கைவிடப்படும் என்று அவருக்கு யாரும் ஓலை அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இன்று இரண்டு அறைகளுக்கு மண் பரிசோதனை, இட வரைபடம், பழைய தானப் பத்திரத்தின் நகல், புளியமரத்துக்கு ஓர் அனுமதி, மரம் வெட்டத் தேவையில்லை என்றால் தேவையில்லை என்பதற்கும் ஒரு சான்று. எல்லாம் கொடுத்தாயிற்று.

செட்டிநாட்டுக் கிராமங்களை யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014இல் சேர்த்தார்கள். மகிழ்ச்சி. வெளிநாட்டுப் பயணிகள் கானாடுகாத்தானுக்குப் போகும் வழியில் எங்கள் ஊரிலும் இறங்குகிறார்கள். திண்ணையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைப் பார்த்து, பாரம்பரியக் கல்விமுறை என்று எண்ணிப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அரசாணையால் உண்டான பாரம்பரியம் அது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் கல்வி அலுவலகத்திலிருந்து சேர்க்கைப் பேரணி நடத்தச் சொல்கிறார்கள். நடத்துகிறோம். பதாகை பிடித்துத் தெருத்தெருவாகப் போய், காலை உணவு உண்டு, நல்ல ஆசிரியர்கள் உண்டு, சேருங்கள் என்று கேட்கிறோம். வகுப்பறை எங்கே என்று தாய்மார்கள் திருப்பிக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுத் தனியார் பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றுகிறார்கள். இப்படி இன்னும் ஓரிரு ஆண்டு போனால் எண்ணிக்கை குறையும். மாணவர் எண்ணிக்கை குறைவு, கூடுதல் வகுப்பறை தேவையில்லை என்று அப்போது கோப்பில் எழுதுவீர்கள். அந்தக் குறிப்பு மட்டும் ஒரே வாரத்தில் எல்லா மேசைகளையும் தாண்டிவிடும். ஒன்றியக் குழுவிடம் போய் முறையிடலாம் என்றால், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எங்கள் வார்டுக்கு இப்போது உறுப்பினர் இல்லை. கேட்பதற்கு இருப்பவர் தாங்கள் ஒருவர்தான்.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். கட்டிய 10 லட்சத்தை எங்கள் முழுப் பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள். 1,20,000 ரூபாயை ஒன்றியப் பொது நிதியிலிருந்தோ, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்தோ ஈடுசெய்ய மாவட்ட ஆட்சியருக்குத் தாங்களே பரிந்துரை அனுப்புங்கள். மனமிருந்தால் இது ஒரு பத்தியில் எழுதக்கூடிய பரிந்துரை. ஐப்பசி மழைக்கு முன் அஸ்திவாரம் எழும்பிவிட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பள்ளி மனையில் தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும் என்பது தங்கள் பொறியாளருக்குத் தெரியும். பிறகு டெண்டர் மார்கழிக்குத் தள்ளிப்போகும், மார்ச் மாதம் நிதியாண்டு முடிகிறது என்பார்கள், அடுத்த ஆவணியில் இன்னொரு விலை விகிதப் பட்டியல் வரும்.

கட்டடம் எழும்வரை ஓர் இடைக்கால ஏற்பாடு வேண்டும். பள்ளி மதிலை ஒட்டியே கிராம சேவை மையக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே பழைய நாற்காலிகளும் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும்தான் இருக்கின்றன. அவற்றை ஓர் ஓரமாக ஒதுக்கிக் கொடுத்தால் நான்காம், ஐந்தாம் வகுப்புகள் நாளைக்கே அங்கே வந்துவிடும். அங்கிருந்து கழிப்பறை கூப்பிடு தூரம். இதைக் கேட்டு முன்பே மனுக் கொடுத்திருக்கிறோம், பதில் இல்லை. இதற்கு மதிப்பீடு வேண்டாம், டெண்டர் வேண்டாம், பொதுமக்கள் பங்களிப்பும் வேண்டாம். சாவி போதும்.

நிர்வாக அனுமதி தர இயலாது என்றே முடிவு செய்தால், அதையும் காரணத்தோடு எழுத்தில் தந்து, 10 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யார் யாரிடம் எவ்வளவு வாங்கினேன் என்பது நோட்டில் இருக்கிறது, அவரவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிடுகிறேன். ஆனால் நாங்கள் விரும்புவது அதுவல்ல, அறைகளைத்தான். எங்கள் பங்கைக் கட்டிவிட்டோம், தங்கள் பங்கை அனுமதிக்க வேண்டுகிறோம்.

தாங்கள் கொடுத்த 15 நாள் கெடு முடிவதற்குள் பதில் வராவிட்டால், அடுத்து வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் இதே மடலை மனுவாகக் கொடுப்போம். குழுவின் தாய்மார்கள் எல்லோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத் தேவை ஏற்படாமல் தாங்களே முடித்துக் கொடுப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

வரைவோலையின் ஒப்புகைச் சீட்டு நகலையும், சேவை மையத்தின் சாவி கேட்டுக் கொடுத்த மனுவின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்