நம் சித்திரக்கதை வாசகர் மன்றத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். கட்டங்களில் வரைந்த படங்களை மனம் எவ்வாறு கதையாகக் கோக்கிறது என்பதையே இவ்வாண்டின் பொருளாகக் கடந்த பொதுக்குழு தேர்ந்தெடுத்ததால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியதே.

மேசை விளிம்பில் கோப்பையும் அருகே பூனையும் உள்ள ஒரு கட்டம், தரையில் சில்லுகள் சிதறிய மற்றொரு கட்டம்: இவ்விரண்டையும் முதல் கூட்டத்தில் சிறுவர்களிடம் காட்டினோம். பூனை கோப்பையைத் தட்டிவிட்டதைப் பார்த்ததாகவே எல்லோரும் சொன்னார்கள். தட்டிவிடும் படம் அங்கே இல்லை. கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் வாசகரின் மனமே கதையை நிரப்புகிறது என்று சித்திரக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 1993இல் விளக்கியதை அன்று நேரில் கண்டோம்.

ஆயினும் இடைவெளியை நிரப்புவதோடு வேலை முடிவதில்லை. சித்திரக்கதை வாசிப்பை ஆராயும் அறிஞர் நீல் கோனும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ‘பீநட்ஸ்’ என்னும் அமெரிக்கச் சித்திரக்கதையின் கட்டங்களை முறையான வரிசையிலும், முற்றிலும் கலைத்துப் போட்டும், பொருள் மட்டும் ஒத்திருக்கும்படியும், கதையமைப்பு மட்டும் எஞ்சும்படியும் நான்கு விதமாகக் காட்டி, பார்த்தவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். வாக்கியத்தில் பொருந்தாத சொல் வரும்போது ஏறத்தாழ 400 மில்லி விநாடியில் எழும் அதே வகை அலை, பொருள் தொடர்பற்ற கட்டங்களிலும் எழுந்தது. சொல்லுக்கு இலக்கணம் இருப்பதுபோல் படவரிசைக்கும் ஓர் அமைப்பு உண்டு என்பது அவர்கள் முடிவு.

இவ்வாண்டில் என்னை மிகவும் பாதித்தது வேறொன்று. நாளிதழை ஒரு வரி விடாமல் படிக்கும், நம் உறுப்பினர் ஒருவரின் தாயாரிடம் நான்கு கட்டப் பக்கமொன்றைக் கொடுத்தோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, “நாலு பையனும் ஒரே மாதிரி சட்டை போட்டிருக்கானே, அண்ணன் தம்பிகளா?” என்று கேட்டார். அவரைக் கண்டு சிரித்த சிறுவர்களிடம், அது அறியாமை அன்று என்று அப்போதே எடுத்துச் சொன்னேன். காமிக்ஸ் பழக்கமில்லாதோர் ஒவ்வொரு கட்டத்தையும் தனிக் காட்சியாகக் காண்பது பல பண்பாடுகளில் பதிவாகியிருக்கிறது. அடுத்த கட்டத்தில் இருப்பவனும் அதே பையன்தான் என்பது கற்று அறிவது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்த நம் மூத்த உறுப்பினர்களும், வலமிருந்து இடமாகச் செல்லும் ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவை முதன்முறை கையில் எடுத்தபோது, பதிலை முன்னும் கேள்வியைப் பின்னும் படித்துத் திணறினார்கள்.

எனவே, படிக்க வராத குழந்தைகளுக்கானவை என்று சித்திரக்கதைகளை ஒதுக்குவதை நாம் ஏற்கலாகாது என்பது என் உறுதியான கருத்து. வசனமில்லாத பக்கங்களில் தொடங்கி, முதியோருக்குச் சனிக்கிழமைதோறும் வாசிப்பு வகுப்பு நடத்தச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆளாக அந்தத் தாயார் பெயர் கொடுத்திருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்