வடமராட்சி கிழக்கில் வயரில்லா இணையத்தின் விலையும் சேவையும்: கோரிக்கை மனு

பணிப்பாளர் நாயகம்,
இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு,
276, எல்விட்டிகல மாவத்தை,
கொழும்பு 08.

மாவட்டச் செயலாளர், யாழ்ப்பாணம் ஊடாக.

ஐயா / அம்மணி,

குடத்தனையில் தொடங்கி அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று சுண்டிக்குளம் வரை நீளும் கரையோரக் கிராமங்களின் பாவனையாளர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். எங்களுக்கு இலவசமாக எதுவும் வேண்டாம். இதுவரை காசு கட்டித்தான் டேட்டா போட்டோம், இனியும் கட்டுவோம். ஆனால் சேவை கிடைக்காத இடத்தில் முழுக் காசையும் வாங்குவது சரிதானா என்று விலைக்கு அனுமதி கொடுக்கிற உங்களிடம்தானே நாங்கள் கேட்க முடியும்?

யாழ்ப்பாண நகரத்தில் ஒருவர் மாதப் பொதிக்கு என்ன விலை கொடுக்கிறாரோ அதே விலைதான் கட்டைக்காட்டிலும். அவருக்கு வாசல்வரை ஃபைபர் வருகிறது. ஒரு நிறுவனம் சரியில்லை என்றால் இன்னொன்றுக்கு மாறலாம். எங்களுக்குக் கோபுரத்திலிருந்து வருகிற சிக்னலை விட்டால் வேறு வழி கிடையாது. அதிலும் ஊருக்கு ஊர் ஒரு நிறுவனத்தின் சிக்னல்தான் ஓரளவாவது எடுக்கும் என்பதால், ஒரே வீட்டில் இரண்டு மூன்று சிம் வைத்திருக்கிறார்கள். அத்தனைக்கும் ரீலோட் போட வேண்டும். 2018இல் ஹச்சும் எட்டிசலாத்தும், 2024இல் டயலொக்கும் எயார்டெலும் இணைந்த பிறகு ஐந்தாக இருந்த மொபைல் சேவைகள் மூன்றாகிவிட்டன. நகரத்தில் அது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். இங்கே தெரிகிறது.

விலை ஏறிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2022 செப்டெம்பரில் மொபைல், புரோட்பேண்ட் கட்டணங்களை 20 சதவீதம் உயர்த்த ஆணைக்குழு அனுமதித்தது. அந்த ஆண்டு மே வரை 8 சதவீதமாக இருந்த வற் வரி 12, 15 என்று ஏறி, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாக நிற்கிறது. நாடு இருந்த நிலையில் அதை நாங்கள் எதிர்த்துப் பேசவில்லை. ஏறிய விலைக்குச் சேவையும் கொஞ்சம் ஏறியிருந்தால் இந்த மனுவுக்கே தேவை வந்திருக்காது.

இங்கே நடப்பதில் ஒன்றைச் சொல்கிறேன். உயர்தரம் படிக்கும் பிள்ளை உள்ள ஒரு வீடு. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எல்லோரும் போனை எடுக்கிற நேரத்தில் சிக்னல் கோடுகள் நிறைய நிற்கும், பாட வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். போனை ஷொப்பிங் பையில் போட்டு முற்றத்துப் பூவரசங்கொப்பில் கட்டி, ஹொட்ஸ்பொட் போட்டு, பிள்ளை திண்ணையில் இருந்து படிக்கப் பார்க்கிறாள். சரிவராது. அதனால் பொதியில் இரவுக்கென்று தனியாகத் தருகிற டேட்டா தொடங்கும் பன்னிரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழும்பி, அடுத்த நாளுக்கான பாடங்களை இறக்கி வைக்கிறாள். தகப்பன் கடலுக்கு வெளிக்கிடும்போது மகள் அப்போதுதான் படுக்கப் போகிறாள். காலையில் பள்ளிக்கூடம் வேறு. மாதக் கடைசியில் பகல் டேட்டா பாதிக்கு மேல் தொடாமல் கிடக்கும், முப்பதாம் நாள் அதுவும் காலாவதி. எடுக்க முடியாமல் போன டேட்டாவைப் பாவிக்காமல் விட்டது எங்கள் குற்றம் என்கிற மாதிரித்தான் இந்தக் கணக்கு இருக்கிறது.

கோபுரம் ஏன் குறைவு என்று நிறுவனங்களைக் கேட்டால் ஆட்கள் குறைவு என்பார்கள். அதில் பொய் இல்லை. எங்கள் நிலம் ஒடுங்கிய மணல் துண்டு. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நீரேரியும் வெளியும். இங்கே எழுப்புகிற கோபுரத்தின் சிக்னலில் பாதி தண்ணீரில்தான் விழும். ஆனால் அந்தத் தண்ணீரில் எங்கள் ஆட்கள் நிற்கிறார்கள். காற்று மாறப்போகிறதா என்று பார்ப்பதும், பேலியகொடைச் சந்தையில் மீன் விலை கேட்பதும், எஞ்சின் நின்றுவிட்டால் கரைக்குச் சொல்வதும் போனில்தான். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆணைக்குழுவின் நோக்கங்களுக்குள் கிராமப்புறச் சேவையையும் கடல்சார் சேவையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கட்டணம், தரம் இரண்டிலும் பாவனையாளரின் நலனைக் காப்பதும் அதே பிரிவில் வருகிறது. எங்கள் கரை இந்த மூன்றுக்குள்ளும் அடங்குகிறது.

2004 சுனாமியில் இந்தக் கரை என்ன பாடுபட்டது என்று விளக்கத் தேவையில்லை. அதனால்தான் கரண்ட் போகும் நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புயலோ பெருமழையோ வந்து கரண்ட் நின்றால், சில மணித்தியாலங்களில் கோபுரத்து பற்றரியும் தீர்ந்துவிடுகிறது. எச்சரிக்கை வரவேண்டிய நேரத்தில் போன் செத்துக் கிடக்கும். டேட்டா விலையைக் கூடப் பிறகு பேசிக்கொள்ளலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது. கரையோரக் கோபுரங்களில் ஜெனரேட்டரோ சூரிய மின்கலமோ கட்டாயம் இருக்க வேண்டும் என்று அனுமதிப்பத்திர நிபந்தனையிலேயே சேர்க்கும்படி கேட்கிறோம்.

அடுத்து அளவீடு. உங்கள் அதிகாரிகள் வாகனத்தில் வந்து, மேலே சொன்ன ஊர்கள் ஒவ்வொன்றிலும் பின்னேரம் ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வேகத்தை அளக்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு மருதங்கேணிச் சந்தியில் அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும். அளந்ததை ஊர்வாரியாக, நிறுவனவாரியாகப் பிரதேச செயலகத்தில் தமிழில் ஒட்டினால் போதும், எந்த சிம் வாங்குவது என்று சனம் தானே முடிவெடுக்கும்.

ஆளுக்கொரு கோபுரம் கட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. நிறுவனங்களுக்குக் கட்டுபடியாகாத ஊர்களில் கோபுரம் எழுப்புவதற்கென்றே ஆணைக்குழு கமட்ட சன்னிவேதனயத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் எங்கள் கரையையும் சேர்த்து, ஒரே கோபுரத்தில் மூன்று நிறுவனங்களும் கருவி பொருத்தச் செய்யலாம். அதுவரைக்கும், எந்த சிம் போட்டாலும் அருகிலுள்ள கோபுரம் எதுவோ அதில் வேலை செய்யும்படி உள்நாட்டு ரோமிங்குக்கு இந்தப் பகுதியில் அனுமதி கொடுங்கள். கோபுரம் மட்டும் வந்தாலும் போதாது. கோடு நிறைய நின்றும் பக்கம் திறக்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், கோபுரத்துக்கு டேட்டா வந்து சேரும் பாதை ஒடுங்கியிருப்பதுதான். அங்கே ஃபைபர் போக வேண்டும். 2024 ஓகஸ்டில் திறந்த தாளையடி நிலையத்தில் கடல்நீரை நன்னீராக்கிக் குடாநாட்டுக்குக் குழாய்வழி அனுப்ப முடிந்திருக்கிறது. அதே ஊருக்கு ஒரு ஃபைபர் கேபிள் கொண்டுவருவது அதைவிடக் கஷ்டமான வேலை என்று எங்களை நம்பவைக்க முடியாது.

விலை விஷயத்தில் இரண்டே கேட்கிறோம். அளவீட்டில் தரம் குறைந்த ஊர் என்று வந்தால் அங்கே பகல், இரவு என்ற பிரிவை எடுத்துவிட்டு முழு டேட்டாவையும் எந்த நேரமும் பாவிக்க விடவேண்டும். கோபுரம் வேலை செய்யாத நாட்களைப் பொதியின் காலத்தோடு கூட்டித் தரவேண்டும். எந்தக் கோபுரம் எப்போது நின்றது என்பது நிறுவனங்களின் கணினியிலேயே இருக்கிறது, நாங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

செய்மதி இணையம் வந்துவிட்டதே என்று சிலர் சொல்கிறார்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியது உண்மைதான். தொடங்கியபோது இருந்த விலைப்படி கருவிக்கு ஒரு லட்சத்துக்கு மேல், மாதாமாதம் பத்தாயிரத்துக்கு மேல் என்றால் கரைவலை இழுக்கிறவர் எங்கே போவார்? பாடசாலைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அரசு செலவில் ஒவ்வொன்று பூட்டினால், கோபுரம் வரும்வரை பெரிய உதவியாக இருக்கும்.

அரசாங்கமே இப்போது எல்லாவற்றையும் இணையத்துக்குக் கொண்டுபோகிறது. பரீட்சை விண்ணப்பம், பெறுபேறு, கடவுச்சீட்டு என்று எல்லாம் அதில்தான். 2025 பெப்ரவரியில் கவ்பே என்ற இணையக் கட்டணச் சேவை தொடங்கியபின் அரசுக்குக் கட்டணம் கட்டுவதும் அதில் வந்துவிட்டது. இங்கே அப்படி ஒரு படிவத்தை அனுப்ப நெல்லியடிக்கு பஸ் ஏறுகிறோம்.

கையொப்பங்களை இணைத்திருக்கிறோம். அளவிட வரும் நாளை முன்கூட்டி அறிவித்தால் ஒவ்வொரு ஊரிலும் வழிகாட்ட ஆள் நிற்கும். பதிலைத் தமிழில் தாருங்கள், கூட்டத்தில் அப்படியே வாசித்துவிடலாம்.

இங்ஙனம்,
வடமராட்சி கிழக்குக் கரையோரக் கிராமங்களின்
இணையப் பாவனையாளர்கள் சார்பில்

பிரதி: பிரதேச செயலாளர், வடமராட்சி கிழக்கு, மருதங்கேணி.