பட்டாவுக்கு வந்த பணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகையின் தவணை வந்ததைப் பற்றி சென்ற வாரம் செய்தி போட்டிருந்தீர்கள். நம் மாவட்ட விவசாயிகள் அனைவரின் கணக்கிலும் 2,000 ரூபாய் சேர்ந்துவிட்டது என்று அதில் இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மேல் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள். ஒருவருக்கும் வரவில்லை, வரவும் வராது. 2019-ல் தொடங்கிய நாளிலிருந்தே அந்தத் திட்டம் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். இது உங்களுக்குத் தெரியாததில்லை. அதனால்தான் வருத்தம்.

மன்னார்குடிப் பக்கம் பதினைந்து மா (சுமார் ஐந்து ஏக்கர்) நிலம் குத்தகைக்குச் செய்கிறேன். நிலத்துக்காரர் இருப்பது தாம்பரத்தில். ஒரு மாசி மாதம் குத்தகை நெல்லுக்காக வந்தவர், நான் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது செல்போனைப் பார்த்துவிட்டு, "கிசான் பணம் வந்துடுச்சுப்பா" என்றார். நல்ல மனிதர், விதிப்படிதான் வாங்குகிறார். ஆனால் அவர் வயலில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று தெரியவேண்டுமானால் என்னைத்தான் கூப்பிடுவார்.

சரி, அந்தப் பணம் போகட்டும். வருடம் முழுதும் சேர்த்தாலும் 6,000 ரூபாய். எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று வி.ஏ.ஓ. எழுதித் தரும் அடங்கல் என் பேரில் கிடைக்காததுதான் பெரிய வினை. பயிர்க் காப்பீடா, சொசைட்டி கடனா, கொள்முதல் நிலையமா, எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த அடங்கலைத்தான். 2023 தை மாதக் கடைசி மழையில், அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து கதிரிலேயே முளைத்துவிட்டது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. கணக்கெடுக்க வந்தவரை வரப்பு வழுக்காமல் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியது நான். அவர் எழுதிக்கொண்டு போனது பட்டாதாரர் பெயரை.

நிலத்துக்காரரிடம் ஒரு கையெழுத்துக் கேட்டுப் பார்த்தேன். போட்டால் நிலமே போய்விடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். குத்தகைக்காரரைக் காப்பாற்ற 1955-ல் சட்டம் போட்டார்கள் அல்லவா, அதற்குப் பயந்துதான் எழுத்தில் எதுவும் தரமாட்டேன் என்கிறார். குத்தகை எல்லாம் வாய்ப்பேச்சில்தான். ஆனால் கொள்முதல் நிலையத்தில் வாய்ப்பேச்சுக்கு நெல் எடுக்கமாட்டார்கள். வியாபாரி எடுப்பார், அவர் சொல்கிற விலைக்கு.

2020-ல் இதே கிசான் திட்டத்தில் தகுதியில்லாத ஐந்து லட்சம் பேருக்கு மேல் உள்ளே நுழைந்து, 110 கோடி ரூபாய் போனது என்று நீங்களே பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று சி.பி.சி.ஐ.டி. அலைந்தது. வயலே இல்லாதவருக்குப் பணம் போக வழியிருந்தது, சேற்றில் நிற்கிறவனுக்குத்தான் ஆவணம் போதவில்லை. 2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தருகிறோம் என்று ஊர் ஊராக முகாம் போட்டார்கள். அங்கேயும் பட்டாதான் கேட்டார்கள். முடியாத காரியமா இது? ஆந்திராவில் 2019-ல் வந்த ரைத்து பரோசா என்ற விவசாயி உதவித் திட்டத்தில் குத்தகைக்காரர்களில் ஒரு பகுதியினரைச் சேர்த்தார்கள். ஒடிசாவின் காலியா திட்டத்தில் நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கும் இடம் இருந்தது.

பொங்கலுக்குப் பொங்கல் கதிர்க்கட்டோடு எங்களைப் படம் பிடித்து, கீழே மகிழ்ச்சி என்று ஒரு வரி போடுகிறீர்கள். அந்தக் கட்டில் யாருக்கு எவ்வளவு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. போகட்டும், உங்களுக்கும் இடப் பிரச்சினை இருக்கும்.

நான் கேட்பது சின்ன உதவி. கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு உங்கள் நிருபர் வருகிறார். பயிர் செய்கிறவர் பெயரில் அடங்கல் தர நிலத்துக்காரர் கையெழுத்து கட்டாயமா என்று அடுத்த முறை அவரைக் கேட்கச் சொல்லுங்கள். அதிகாரி சொல்வதை அப்படியே போடுங்கள். டீ குடித்ததும் அவர் கிளம்பிவிடாமல் இருக்கவேண்டும். எங்கள் முறை வர மதியம் ஆகிவிடும்.

இப்படிக்கு,
குத்தகை விவசாயி ஒருவர்,
மன்னார்குடி வட்டம்